காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்: ஓ.பி.டி. ரீடர் வாங்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பிரிண்டர், ஸ்கேனர், வெப் கேமரா என்று ஒவ்வொன்றாக அதனுடன் இணைத்துப் பார்ப்பார்கள். வாசலில் நிற்கும் காரையும் அதே கம்ப்யூட்டருடன் இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய காரின் எஞ்ஜினை நடத்துவதே ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். ஏதேனும் கோளாறு தெரிந்தால் அது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்ஜின் படத்தை எரியவிடும். காரணத்தைத் தன் நினைவகத்தில் ஒரு எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைப் படித்துக் காட்டும் கருவிக்குத்தான் ஓ.பி.டி. ரீடர் என்று பெயர்.

வீட்டில் காரைக் கவனித்துக்கொள்பவர்கள் ஸ்பேனர், ஜாக்கி வாங்கிய பிறகு அடுத்து வாங்க வேண்டியது இதுதான் என்பேன். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை கிடைக்கிறது. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது, வாங்கியபின் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

உங்கள் காரில் இந்த வசதி உள்ளதா?

ஸ்டியரிங்கிற்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் குனிந்து பாருங்கள். மேல் பக்கம் அகலமாகவும் கீழ் பக்கம் சற்றுக் குறுகியும் ஒரு சாக்கெட் இருக்கும். வரிசைக்கு 8 என 2 வரிசைகளில் 16 பின்கள். சில கார்களில் இதன்மேல் சிறிய மூடி இருக்கும். பழைய கம்ப்யூட்டர்களின் பின்னால் இருந்த பிரிண்டர் போர்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லா கார்களிலும் ஓ.பி.டி. 2 என்ற இந்த முறை கட்டாயமானது. காற்று மாசைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் இது. வண்டி புகையை அதிகம் கக்கத் தொடங்கினால் அதை ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் ஒரே சாக்கெட், ஒரே அடிப்படை எண்கள் என்று வைத்ததால் நமக்கும் வசதியாகிவிட்டது. இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு 2010 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. எனவே 2013க்குப் பின் தயாரான பெட்ரோல், டீசல் கார் என்றால் தைரியமாக ரீடர் வாங்கலாம். அதற்கு முந்தைய கார் என்றால், சாக்கெட் இருந்தாலும் உள்ளே பேசப்படும் மொழி வேறாக இருக்கலாம். உங்கள் மாடலுக்கு வேலை செய்யும் என்று விற்பவர் உறுதி தந்தால் மட்டும், திருப்பித் தரும் வசதியுடன் வாங்குங்கள்.

மூன்று வகை இணைப்புகள்

தனியே திரை வைத்த ரீடர்களும் உண்டு. கம்ப்யூட்டரோ செல்போனோ இல்லாமல் அவையே எண்ணைக் காட்டும். நாம் பார்க்கப் போவது கம்ப்யூட்டருடன் இணையும் அடாப்டர்களை. இவை மூன்று வகைப்படும்.

யு.எஸ்.பி. வகை: லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதுவே நல்லது. இணைப்பு இடையில் அறுந்து போகாது. கேபிளைச் செருகியதும் "டிவைஸ் மேனேஜர்" திறந்து, "போர்ட்ஸ்" என்ற பிரிவில் புதிதாக ஒரு காம் போர்ட் எண் தெரிகிறதா எனப் பாருங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். அடாப்டருக்குள் இருக்கும் யு.எஸ்.பி. சிப்பின் பெயரை அறிந்து, அந்தச் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை டவுண்லோட் செய்திடுங்கள். பெட்டியுடன் வரும் குட்டி சி.டி.யில் உள்ள புரோகிராம்களை நான் இயக்குவதில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

புளூடூத் வகை: ஆண்ட்ராய்ட் போன், விண்டோஸ் லேப்டாப் இரண்டிலும் இயங்கும். கடவு எண் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000. விண்டோசில் இணைத்தபின் இரண்டு காம் போர்ட்கள் தெரியலாம். "அவுட்கோயிங்" என்று குறிக்கப்பட்டதையே புரோகிராமில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய வகை புளூடூத் அடாப்டர் ஐபோனுடன் பேசாது. "புளூடூத் லோ எனர்ஜி" என்று தெளிவாகக் குறிப்பிட்டுள்ளதை வாங்க வேண்டும்.

வை-பை வகை: அடாப்டரே ஒரு சிறிய வை-பை நெட்வொர்க்கை உருவாக்கும். ஐபோனிலும் வேலை செய்யும். ஆனால் போன் இந்த நெட்வொர்க்கில் இருக்கும்வரை இன்டர்நெட் தடைபடலாம். புரோகிராம் முகவரி கேட்டால் பொதுவாக 192.168.0.10, போர்ட் 35000 எனத் தர வேண்டும்.

வெர்ஷன் எண்ணை நம்பி வாங்காதீர்கள்

கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றின் மேல் இ.எல்.எம். 327 என்று அச்சிட்டிருக்கும். இது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர். காருக்குள் ஓடும் தகவலை, கம்ப்யூட்டருக்குப் புரியும் எழுத்துகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் இது. அதன் முதல் வெர்ஷனில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லை. சீனாவில் அதைப் பிரதி எடுத்தார்கள். பின்னர் அந்தப் பிரதிகளே உலகம் முழுவதும் பரவின. மூல நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது.

பிரதிகள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. பல நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் மேல் உள்ள வெர்ஷன் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. சாப்ட்வேரில் 2.1 என்றால் 1.5ஐ விடப் புதியது, கூடுதல் வசதி உள்ளது என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. 1.5 என்ற வெர்ஷனை எல்ம் நிறுவனம் வெளியிடவே இல்லை. அது பிரதி எடுத்தவர்கள் சூட்டிய எண். 2.1 என்று காட்டும் மலிவுப் பிரதிகள் பலவற்றில் சில கட்டளைகள் இல்லை. "கேன்" எனப்படும் புதிய இணைப்பு முறையில் இயங்கி, பழைய முறைகளில் திணறுவனவும் உண்டு.

பின் எதைப் பார்த்து வாங்குவது? எண் வரும் வேகம், திருப்பித் தரும் வசதி, உங்கள் கார் மாடலில் இயங்கியதாகப் பிறர் சொல்வது ஆகிய மூன்றையும் பாருங்கள். பணம் செலவழிக்கத் தயார் என்றால், பிரதிச் சிப் அல்லாமல் சொந்தச் சிப் வைத்துத் தயாராகும் அடாப்டர்கள் உள்ளன. ஓ.பி.டி.லிங்க் வரிசை அப்படிப்பட்டது. எல்ம் கட்டளைகளையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணைப் படிக்க மட்டுமே என்றால் அவ்வளவு செலவு தேவையில்லை.

போர்டு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. போர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதன் கார்கள் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கென்றே போர்ஸ்கேன் என்ற விண்டோஸ் புரோகிராம் உள்ளது. எஞ்ஜின் தவிர ஏ.பி.எஸ். போன்ற பிற பகுதிகளின் கோளாறுகளையும் காட்டும். காரில் உள்ள இரண்டாவது கேன் இணைப்பையும் படிக்க, அதற்கென ஸ்விட்ச் வைத்த அடாப்டர் வாங்க வேண்டும்.

வாங்கியவுடன் சோதித்துப் பாருங்கள்

திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். டயல்-அப் மோடம் காலத்தவர்களுக்கு இது பழைய நினைவைத் தரும். 1981ல் வந்த ஹேயஸ் மோடத்திற்குத் தரப்பட்ட, ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைப் பாணியைத்தான் இந்தச் சிப்பும் பின்பற்றுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி வரை உடன் வந்த ஹைப்பர் டெர்மினல், விஸ்டா முதல் நீக்கப்பட்டது. பி.யு.டி.டி.ஒய். என்ற எழுத்துகளைக் கொண்ட "புட்டி" என்ற இலவச புரோகிராமை அதற்குப் பதில் இன்ஸ்டால் செய்திடுங்கள். அடாப்டரைக் காரில் செருகி, சாவியைத் திருப்பி, எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் விளக்குகள் மட்டும் எரியும் நிலையில் வையுங்கள். புட்டியில் "சீரியல்" தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும், வேகம் 38400 என்றும் தாருங்கள். "ஓப்பன்" கிளிக் செய்திடுங்கள்.

1. ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். சிப் தன் பெயரைச் சொல்லும். ஒன்றும் வரவில்லை என்றால் காம் போர்ட் எண் அல்லது வேகம் தவறு.

2. ஏ, டி, ஆர், வி என்று டைப் செய்திடுங்கள். கார் பேட்டரியின் வோல்டேஜ் தெரியும். எஞ்ஜின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வரை இருந்தால் பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கிறது.

3. 0105 என்று டைப் செய்திடுங்கள். இது எஞ்ஜினின் கூலன்ட் வெப்பநிலையைக் கேட்கும் கேள்வி. 41 05 78 என்பது போல் பதில் வரும். முதல் இரண்டும் கேள்விக்கான அடையாளம். கடைசியில் உள்ள 78தான் விடை. இது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண். 7ஐ 16ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால் 120. அதில் 40ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ்.

கார் கம்ப்யூட்டரிடம் இடையில் யாருமின்றி நீங்களே கேட்டுப் பெற்ற பதில் இது. இந்த மூன்றிற்கும் பதில் வந்தால் அடாப்டர் தேறிவிட்டது. இரண்டாவது வரை வந்து மூன்றாவதில் இணைக்க முடியவில்லை என்று காட்டினால், உங்கள் காரின் மொழி அதற்குத் தெரியவில்லை. திருப்பித் தந்துவிடுங்கள். இதன் பிறகு தினப்படி பயன்பாட்டிற்கு ஆண்ட்ராய்டில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற புரோகிராம்களே வசதி.

கோட் என்ன சொல்கிறது?

கோளாறு எண்ணை கோட் என்பார்கள். ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். எழுத்து பி என்றால் எஞ்ஜின், கியர் பகுதி. சி என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்ற அடிப்பகுதி. யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான இணைப்பு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட். 1 என்றால் அந்த நிறுவனத்திற்கே உரியது. மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் பெட்ரோலும் காற்றும் சேரும் பகுதி. 3 என்றால் தீப்பொறிப் பகுதி.

எடுத்துக்காட்டாக பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்பையர். நம் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்று சொல்வது இதைத்தான். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

கோட் என்பது தீர்ப்பு அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கோட் என்பது ஒரு புகார். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. எங்கே சரியில்லை என்று மட்டும் சொல்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

என் நண்பர் ஒருவரின் பெட்ரோல் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறியது. அவர் காட்டிய ஒர்க்ஷாப்பில் நான்கு இக்னிஷன் காயில்கள், நான்கு பிளக்குகள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தல் என்று நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். ரீடரைச் செருகிப் பார்த்தோம். பி0303 என்ற ஒரே கோட். எஞ்ஜினை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தினோம். கோட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தோம். மீண்டும் விளக்கு. இம்முறை பி0302. காயில் போன இடத்திற்குக் கோளாறும் போயிருக்கிறது! ஒரே ஒரு காயில் மாற்றியதில் உதறல் நின்றது. கோட் 3லேயே நின்றிருந்தால் காயில் நல்லது, பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார்களில் இந்த முறை பொருந்தும்.

பி0171 வந்தால் பலர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். ஆனால் அந்த சென்சார்தான் குறையைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். செய்தி கொண்டுவந்தவரை வேலையை விட்டு நீக்குவதா? இங்கேதான் கோட் மட்டும் காட்டும் ரீடருக்கும், ஓடும்போதே தகவல் காட்டும் ரீடருக்கும் வித்தியாசம். "பியூயல் டிரிம்" என்ற தகவலைத் திரையில் வையுங்கள். பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்து கம்ப்யூட்டர் சமாளிக்கிறது என்று அது சதவீதத்தில் சொல்லும். 0ஐ ஒட்டி, கூடினாலும் குறைந்தாலும் 10க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலில் 20, 25 என்று இருந்து, எஞ்ஜின் வேகத்தை 2500க்கு உயர்த்தியதும் இறங்கினால் எங்கோ ஒரு ஹோஸ் வழியே காற்று கசிகிறது. ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது உயர்ந்தால் பெட்ரோல் பம்ப்பையோ பில்டரையோ சந்தேகிக்கலாம். ஆகவே வாங்கும்போது "லைவ் டேட்டா" உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத ரீடர் வேண்டாம்.

கோட் அழிக்கும் முன்

எல்லா புரோகிராம்களிலும் கோட்டை அழிக்க ஒரு பட்டன் உண்டு. கை துறுதுறுக்கும். பொறுங்கள். கோளாறு வந்த நொடியில் வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு படம் போல் சேமித்து வைத்திருக்கும். இதற்கு "பிரீஸ் பிரேம்" என்று பெயர். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். காரின் சுயசோதனை முடிவுகளும் போய்விடும். ரீசைக்கிள் பின் எதுவும் காரில் கிடையாது. எனவே முதலில் கோட்டையும் பிரீஸ் பிரேமையும் தாளில் எழுதுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்து, தேதியிட்ட ஒரு போல்டரில் சேமியுங்கள். அடுத்த முறை கோளாறு வரும்போது உங்கள் மெக்கானிக்கிற்கு இதைவிட நல்ல உதவி இல்லை. பழுது நீக்காமல் அழித்தால் விளக்கு மீண்டும் வரத்தான் செய்யும்.

பாதுகாப்புக் குறிப்புகள்

* சிவப்பு நிற எண்ணெய் விளக்கோ, வெப்பநிலை விளக்கோ எரிந்தால் ரீடரைத் தேடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் உடனே வண்டியை நிறுத்தி எஞ்ஜினை அணையுங்கள்.

* மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்பையர். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாழாக்கும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள்.

* மூடிய கராஜுக்குள் எஞ்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

* ஓட்டும்போது லைவ் டேட்டா பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பார்க்கட்டும்.

* சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டின் 16வது பின்னில் மின்சாரம் இருக்கும். அடாப்டரைச் செருகியே வைத்தால் பேட்டரி மெல்ல இறங்கும். எளிய கடவு எண் கொண்ட புளூடூத், வை-பை அடாப்டர்களை அருகில் இருக்கும் யாரும் இணைக்க முயலலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

* இதே வடிவில், செருகினாலே மைலேஜ் கூடும் என்று சில பெட்டிகள் விற்கப்படுகின்றன. இத்தகையவற்றைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது மினுக்கும் எல்.இ.டி. விளக்குகளைத்தான். வாங்காதீர்கள்.

* ஏர்பேக், ஏ.பி.எஸ். கோளாறுகளைச் சாதாரண ரீடர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. காட்டினாலும் அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். வாரண்டி உள்ள காரை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டு செல்லுங்கள்.

எதை வாங்கலாம்?

லேப்டாப் இருந்தால் யு.எஸ்.பி. ஆண்ட்ராய்ட் போன் மட்டும் இருந்தால் புளூடூத். ஐபோன் என்றால் புளூடூத் லோ எனர்ஜி அல்லது வை-பை. மூன்றிலும் லைவ் டேட்டாவும் பிரீஸ் பிரேமும் கிடைக்க வேண்டும். வெர்ஷன் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். திருப்பித் தரும் வசதியைக் கட்டாயம் கேளுங்கள்.

கார் நன்றாக ஓடும்போதே ஒரு நாள் ரீடரைச் செருகி, பேட்டரி வோல்டேஜ், கூலன்ட் வெப்பம், பியூயல் டிரிம் மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நலமாக இருந்தபோது எண்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான், பின்னொரு நாள் விளக்கு எரியும்போது எது மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.